மாத்தளன் மணலும் தாளையடிக் குழாயும்

மாத்தளன் கரையில் மாரி வெட்டிவிட்டுப் போன படி இன்னும் அப்படியே நிற்கிறது. புதுக்குடியிருப்புச் சந்தியில் இருந்து இரணைப்பாலை வழியாக வந்து மணலில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது அதுதான். ஐப்பசிக்கு முன்னர் கடலை நோக்கிச் சரிவாக இறங்கிய கரை இப்போது இடுப்பளவு உயரத்துக்கு நேர்குத்தாக வெட்டுண்டிருக்கிறது. வெட்டு முகத்தில் மணலின் அடுக்குகள் தெரிகின்றன. வெளிறிய மணல், அதற்குக் கீழே விரல் தடிப்பில் கறுப்பு மணல், மறுபடியும் வெளிறிய மணல். கறுப்பாகத் தெரிவது இல்மனைற் போன்ற பாரமான கனிமங்கள். புல்மோட்டையிலும் கொக்கிளாயிலும் அள்ளப்படுவது இதைத்தான். அலை இலேசான மணலை வாரிக்கொண்டு போகும்போது பாரமானது பின்தங்கிப் படிந்துவிடும். அதனால் ஒவ்வொரு கறுப்புக் கோடும் கடல் ஒருமுறை மணலை அள்ளிச்சென்றதன் தடயம். வெட்டின் விளிம்பில் அடம்பன் கொடியின் வேர்கள் பிடிமண் இழந்து தொங்குகின்றன.

இந்தக் கரையில் கடலடிக் குழாய் எதுவும் கிடையாது. ஆனால் இதே மணற்கரை சாலை, சுண்டிக்குளம், கட்டைக்காடு, வெற்றிலைக்கேணி, ஆழியவளை, உடுத்துறை என்று வடமேற்கே நீண்டு தாளையடியைத் தொடுகிறது. அங்கே 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். கடல்நீரை உள்ளே எடுக்கவும், உப்புக் கூடிய மிச்ச நீரைத் திருப்பி விடவும் கடலுக்குள் குழாய் போயாக வேண்டும். குழாயைத் தாங்குவது மணல். அந்த மணல் எந்தப் பருவத்தில் எங்கே போகும் என்று அறிந்தவர்கள் இந்தக் கரை நெடுகிலும் தொழில் செய்கிறார்கள். தாளையடிக்குப் போகுமுன் அவர்களோடு கதைத்துவிட வேண்டும் என்றுதான் மாத்தளனில் இறங்கினேன்.

கரைவலை ஒன்று இழுபட்டுக்கொண்டிருந்தது. உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி ஒரு தலைப்பை இழுத்தார்கள். மறு தலைப்பில் ஆட்கள் நின்றார்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, வாடி நிழலில் நின்று கயிறு வரும் போக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர்.

“ஐயா, கடலடி வருசா வருசம் மாறுமோ?”

“வருசமோ? ஒரு கிழமைக்குள்ள மாறும் தம்பி. ஆவணியில உதில மூண்டு பாகம் ஆழம். இப்ப ரெண்டு பாகம் கூட இல்லை. கரையில வெட்டின மண் முழுக்க அங்கால போய்க் குந்தியிருக்கு.” அலை உடைகிற வரிசையைக் கையால் காட்டினார். “சோளகம் தொடங்கட்டும். பிறகு அதே மண் திரும்பி வரும். வராத வருசமும் இருக்கு.”

பாகம் என்றால் இரு கைகளையும் விரித்த நீளம். இன்றைக்கும் இந்தக் கரையில் ஆழம் அளக்கப்படுவது அதில்தான். கரையோரப் பொறியியல் நூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதை அவர் நாலு வசனத்தில் சொல்லிவிட்டார். மாரிக் கடலின் செங்குத்தான அலைகள் கரை மணலைப் பிடுங்கிச் சற்றுத் தொலைவில் திடலாகப் போடும். சோளகம் வீசும், கடல் படிந்த மாதங்களில் நீண்டு தணிந்த அலைகள் அதைக் கரைக்குத் திருப்பித் தள்ளும். கரைக்கும் திடலுக்கும் இடையில் உள்ள வாய்க்கால் ஒவ்வொரு பருவத்திலும் இடம் மாறும். குழாய் ஒன்று கரையேறும் இடத்தில் இந்த மணலைக் குறுக்கே கடந்துதான் வரவேண்டும். கோடையில் இரண்டு மீற்றர் மணலுக்கு அடியில் கிடந்த குழாய், மாரி நடுவில் வெளியே தெரியலாம். ஆகவே குழாயைப் புதைக்கும் ஆழத்தைக் கோடையில் அளந்து முடிவு செய்ய முடியாது. பல மாரிகளில் கடலடி மிகத் தாழ்ந்து போன கோடு எதுவோ, அதற்கும் கீழே குழாய் போக வேண்டும்.

அலைவாய்க்கரையில் ஒரு பனங்குத்தி கரைக்கு நீட்டுப்பாட்டில் அரைவாசி புதைந்து கிடந்தது. அதன் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். கடலடியில் குழாய்க்கு நேர்வது என் கண்முன் சிறிய அளவில் நடந்தது.

அலை ஏறும்போது குத்தியின் கடற்பக்கத்தில் தண்ணீர் முட்டி உயர்கிறது; மறுபக்கத்தில் தாழ்ந்து நிற்கிறது. அந்த உயர வித்தியாசத்தின் அழுத்தத்தில், குத்திக்கு அடியில் உள்ள மணலுக்குள்ளால் தண்ணீர் ஊர்ந்து மறுபக்கம் வருகிறது. முதலில் மறுபக்கத்து மணல் இலேசாகப் பொங்கியது. சிறிய குமிழிகள் வந்தன. பிறகு ஓரிடத்தில் மணலும் தண்ணீரும் கலந்த கூழ் பீறிட்டு வெளியே வந்தது. அவ்வளவுதான், வழி திறந்துவிட்டது. அடுத்தடுத்த அலைகள் அந்தச் சிறு துவாரத்துக்குள்ளால் வேகமெடுத்துப் பாய்ந்தன. ஒடுங்கிய வழியில் நீரின் வேகம் கூடும். வேகம் கூடினால் மணல் நில்லாது. கொஞ்ச நேரத்தில் என் கை குத்திக்கு அடியால் மறுபக்கம் போய் வந்தது. துவாரம் இரண்டு பக்கமும் நீண்டுகொண்டே போயிற்று. குத்தியின் நடுப்பகுதி அந்தரத்தில் நின்றது. இரு தலைப்புகள் மட்டும் மணலில் ஊன்றியிருந்தன.

டென்மார்க்கின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சூமர், ஃப்றெட்சூ என்ற இரு பொறியியலாளர்கள் இந்த நிகழ்வை ஆய்வுகூடத் தொட்டிகளில் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தவர்கள். நிலையான நீரோட்டத்தில், மணலில் கிடக்கும் குழாய்க்கு அடியில் தோண்டப்படும் குழியின் ஆழம் குழாயின் விட்டத்தில் ஏறத்தாழ 0.6 மடங்கு வரும் என்பது இத்துறையில் எல்லோரும் கையாளும் கணக்கு. ஒரு மீற்றர் விட்டமுள்ள குழாய் என்றால் அறுபது சதமமீற்றர். கேட்கச் சிறிதாகத்தான் இருக்கும். ஆனால் ஆபத்து குழியின் ஆழத்தில் இல்லை, அதன் நீளத்தில் இருக்கிறது. குழி பக்கவாட்டில் நீள நீள, தாங்குவதற்கு ஒன்றுமில்லாத துண்டும் நீளும்.

அப்படி அந்தரத்தில் நிற்கும் துண்டைக் கடந்து நீரோட்டம் ஓடும்போது, குழாயின் பின்பக்கம் மேலும் கீழுமாக மாறி மாறிச் சுழிகள் கழன்று போகும். ஒவ்வொரு சுழியும் கழலும்போது குழாயை ஒரு பக்கம் இழுக்கும். அரை மீற்றர் விட்டக் குழாயை விநாடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் நீர் கடந்தால், இரண்டரை விநாடிக்கு ஒருமுறை மேலும் கீழுமாக இந்த இழுப்பு வரும். துண்டு நீளும்தோறும் அதன் இயல்பான ஆட்டம் மெதுவாகும். அந்த ஆட்டமும் சுழிகளின் தாளமும் ஒன்றுபடும் நீளத்தை எட்டியதும் குழாய் அதிரத் தொடங்கும். தைப்பொங்கலுக்கு வடமராட்சியில் ஏற்றும் பட்டத்தில் பூட்டிய விண், காற்று ஒரு வேகத்தைத் தொட்டதும் கூவத் தொடங்குமே, அதைப்போல. பட்டத்தை இறக்கினால் விண் ஓய்ந்துவிடும். கடலடிக் குழாயை இறக்க வழியில்லை; மாரி முழுக்க, இரவும் பகலும் அதிரும். உருக்குக் குழாயானால் பற்றவைத்த இணைப்புகளில் களைப்பு ஏறி வெடிப்பு விழும். நோர்வேயின் டிஎன்வி அமைப்பு இந்த ஒன்றுக்காகவே எஃப்105 என்ற தனி வழிகாட்டியை வைத்திருக்கிறது.

சம்மாட்டி வந்து பக்கத்தில் நின்றார். குத்தியைப் பார்த்துவிட்டு, “கப்பல் கிடந்த காலத்தில இதைப் பெரிசாப் பாத்தனாங்கள்” என்றார். 2006 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கரையில் தரைதட்டிய ஜோர்தானியக் கப்பலான ஃபாறா 3ஐச் சொல்கிறார். பின்னர் அதை இரும்புக்காக வெட்டி எடுத்துவிட்டார்கள். கப்பலின் ஒரு தலைப்பில் ஆள் மூழ்கும் பள்ளம் விழுந்ததாகவும், கரைப்பக்கம் மண் நிரவி வந்ததாகவும் சொன்னார். நீரை மறிக்கும் எதுவும் ஓரிடத்தில் தோண்டவும் இன்னோரிடத்தில் நிரப்பவும் செய்யும்.

இந்த மணலில் நின்றுகொண்டு 2009ஐ, போரின் கடைசி மாதங்களை, நினைக்காமல் இருக்க முடியாது. மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் கிடக்கும் இந்த ஒடுங்கிய நிலத்தில் லட்சக்கணக்கான சனம் நெருக்குண்டு கிடந்தது. சேலைகளைக் கிழித்துப் பை தைத்து மணல் நிரப்பிப் பதுங்குகுழி அமைத்தார்கள். எவ்வளவு ஆழம் வரை மணல் சுவர் நிற்கும், எந்த ஆழத்தில் தண்ணீர் ஊறிச் சரியும் என்பதைப் பிள்ளைகளை உள்ளே இருத்திவிட்டுக் கற்றுக்கொண்டவர்கள் இவர்கள். மணலின் பலம் என்பது மணிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்பதுதான் என்று மண்பொறியியல் சொல்கிறது. மணிகளுக்கு இடையில் உள்ள நீரின் அழுத்தம் கூடினால் அந்த முட்டு விட்டுப்போகும், மணல் குழம்பாகிவிடும். கடலடியிலும் அது நடக்கும். புயல் அலைகள் மணிக்கணக்காக அழுத்தியும் தளர்த்தியும் போகையில், நுண்ணிய தளர் மணலுக்குள் நீரழுத்தம் ஏறி, புதைத்த குழாய் மேலே மிதந்து வரலாம். கடல்நீர்க் குழாய்களுக்கு உலகெங்கும் பரவலாகப் பயன்படும் கறுப்புப் பொலித்தீன் வகைக் குழாய் தண்ணீரைவிட இலேசானது. கொங்கிரீற்றுப் பாரங்களைக் கழுத்தில் பூட்டித்தான் அதைக் கடலடியில் கிடத்துகிறார்கள். பாரத்துக்கு அடியில் மணல் போய்விட்டால், தாங்க வேண்டிய பாரமே குழாயை இழுத்து வளைக்கும்.

அலையின் கை எவ்வளவு ஆழம் எட்டும் என்று கேட்டால், பெரும்பாலானோர் இரண்டு மூன்று பாகம் என்பார்கள். எட்டு விநாடிக்கு ஒருமுறை வரும் அலையின் நீளம் ஆழக்கடலில் சுமார் 100 மீற்றர். அதன் பாதி ஆழம், அதாவது 50 மீற்றர் வரை, அந்த அலையின் அசைவு இறங்கும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தபோது இந்தக் கரை முழுவதும் கடலடி உழப்பட்டிருக்கும். “புயலுக்குப் பிறகு வலை விட்டால் பழைய கணக்கு ஒண்டும் சரிவராது” என்று வாடியில் இருந்த இன்னொருவர் சொன்னார். “புதுசாப் பார் தெரியும். முந்தி இருந்த பார் மூடுண்டிருக்கும்.” பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு.

மாத்தளனில் இருந்து தாளையடிக்குக் கடல் வழியே போனால் கிட்ட. தரையால் போகப் புதுக்குடியிருப்புக்குத் திரும்பி, பரந்தன் வீதியைப் பிடித்து, விசுவமடு, தருமபுரம் கடந்து, ஆனையிறவால் ஏறி, பளையில் வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

தாளையடி நிலையத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட தண்ணீர்ச் சண்டை இருக்கிறது. இரணைமடுக் குளத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோவதுதான் முதல் திட்டம். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன் அதற்குத்தான் வந்தது. தங்கள் வயலுக்கே காணாத தண்ணீரை எப்படிக் கொடுப்பது என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது. யாழ்ப்பாணத்தின் தவிப்பும் நியாயமானது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய நிலத்தடி நீரில் உரத்தின் நைத்திரேற்று இறங்கியிருக்கிறது. சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதந்ததை ஊரே பார்த்தது. கடைசியில் கடல்நீர் என்று முடிவானது. அப்போது வடமராட்சி கிழக்கு மீனவர்கள் தங்கள் தொழில் கெடும் என்று எதிர்த்தார்கள். இந்த நிலையம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. தண்ணீர் வேண்டும். அதனால்தான் குழாய் கிடக்கும் மணலைப் பற்றி இவ்வளவு அக்கறை.

நிலையத்தின் மதிலைத் தாண்டிக் கரையில் நின்றால் தெரிவது வெறும் கடல். எங்கே குழாய் போகிறது என்று மேலே எந்த அடையாளமும் கண்ணுக்குப் படாது. படகுகள் மணலில் ஏற்றிக் கிடந்தன. வலை பொத்திக்கொண்டிருந்த இருவரோடு கதைத்தேன். ஒருவருக்கு இளவயது. “எங்களுக்கு உள்ள போற தண்ணியைப் பற்றிப் பயமில்லை அண்ணை. வெளிய வாற உப்புத் தண்ணியைத்தான் பயம்” என்றார்.

அவர் பயத்தில் பொருள் இருக்கிறது. இத்தகைய நிலையங்களில் நூறு லீற்றர் கடல்நீரில் இருந்து பொதுவாக நாற்பது, நாற்பத்தைந்து லீற்றர் குடிநீர் கிடைக்கும். மிச்சம், கடலைப்போல் ஒன்றேமுக்கால் மடங்கு உப்போடு திரும்பப் போகும். உப்புக் கூடிய நீர் பாரமானது. கடலடியோடு படர்ந்து ஓடும். அதனால்தான் வெளியேற்றும் குழாயை ஆழமான இடம் வரை நீட்டி, நுனியில் பல வாய்கள் வைத்து, வேகமாகப் பீச்சிக் கலக்க விடுகிறார்கள். நுனியில் வெளியேறும் வரை அது ஒழுங்கான ஏற்பாடு. கரைக்குக் கிட்ட, மணல் நின்று நிலைக்காத அந்தத் திடல் பகுதியில், அரிப்பால் குழாய் அந்தரத்தில் நின்று ஓர் இணைப்பு விட்டால், பாரமான உப்புநீர் கரைவலை இழுபடும் ஆழத்திலேயே கொட்டும். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒதுங்கும் ஆழமும் அதுதான். எண்ணெய் கசிந்தால் நிறம் தெரியும், மணம் தெரியும். உப்புநீர் கசிந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. வலையில் மீன் குறைவதுதான் முதல் அறிகுறியாக இருக்கும். அதை யாரும் ஆதாரமாக ஏற்கமாட்டார்கள்.

எண்ணெய்க் குழாய்களின் கதை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2018 செப்டெம்பரில் முத்துராஜவெல எண்ணெய்த் தாங்கிகளுக்குப் போகும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, திக்கோவிட்டப் பக்கத்துக் கரையில் எண்ணெய் படிந்தது. 2023 மார்ச் தொடக்கத்தில் நாகூர் பட்டினச்சேரியில் சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தின் குழாயில் இருந்து கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. மீனவர்கள் கடலுக்குப் போகாமல் போராடி, குழாயையே அகற்றவேண்டும் என்று கேட்டார்கள். இவற்றுக்குக் கடலடி அரிப்புத்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் நட்டத்தை முதலில் சுமந்தது கரையில் இருந்தவர்கள் என்பதைச் சொல்கிறேன்.

பரிகாரங்கள் இல்லாமல் இல்லை. கரையேறும் பகுதியில் ஆழமாக வாய்க்கால் வெட்டிப் புதைப்பது, நிலத்துக்கு அடியால் துளைத்துத் திடல் பகுதியை முழுதாகக் கடந்துவிடுவது, மேலே கொங்கிரீற்றுப் பாய் விரிப்பது, கல் கொட்டுவது. இவற்றில் கல் கொட்டுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். கல் கிடக்கும் இடத்தில் அரிப்பு நிற்கும். கல் முடியும் விளிம்பில் புதிதாகத் தொடங்கும். பிறகு அங்கேயும் கல் கொட்ட வேண்டும். எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. நெதர்லாந்தில் சோதித்துப் பார்த்தது. குழாயின் முதுகில் நீளவாட்டில் ஒரு தகட்டைப் பொருத்துகிறார்கள். அது நீரை மறித்து, குழாய்க்கு அடியால் கூடுதலாக ஓட வைக்கும். அடி மணல் வேகமாகத் தோண்டுப்படும். குழாய் தன் பாரத்தில் அந்தக் குழிக்குள் இறங்கும். மேலே மணல் மூடும். அரிப்பையே வேலைக்காரனாக்கிக் குழாயைப் புதைக்கும் யோசனை. எல்லா மணலுக்கும் எல்லாக் குழாய்க்கும் இது பொருந்தாது என்பதும் உண்மை.

ஆனால் எந்தப் பரிகாரமும் மணல் இருந்தால்தான். அம்பன், குடத்தனை, மணற்காட்டுப் பக்கம் மணல் அகழ்வு பற்றி ஊர்ச்சனம் கத்திக் கத்திக் களைத்துவிட்டது. வன்னி ஆறுகளில் இருந்து இரவோடு இரவாக ஏற்றப்படும் ஒவ்வொரு டிப்பர் மணலும், என்றோ ஒரு வெள்ளத்தில் கடலுக்கு வந்திருக்க வேண்டிய மணல். கரை தனக்குக் கிடைக்காத மணலைக் கடலடியில் இருந்து ஈடுசெய்யும். அகழ்வுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகமும், குழாயைப் பார்க்கும் அலுவலகமும், கரையைப் பேணும் அலுவலகமும் வெவ்வேறு. மணல் ஒன்றுதான். பிறகு றோலர்கள். அடிமடி இழுவைத் தொழிலை இலங்கை 2017இல் 11ஆம் இலக்கச் சட்டத்தால் தடைசெய்தது. எல்லை தாண்டி வருகிறவை இன்னும் வருகின்றன. மணலுக்குள் கிடக்கும் குழாயை இழுவைப் பலகை ஒன்றும் செய்யாது. அந்தரத்தில் நிற்கும் குழாயில் கொளுவினால் விடாது.

செய்யவேண்டிய வேலை பெரிய செலவும் இல்லை. எதிரொலிமானி பூட்டிய ஒரு படகு, ஒவ்வொரு மாரிக்கு முன்னும் பின்னும், ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் குழாய்ப் பாதையைக் குறுக்கும் நெடுக்கும் ஓடி அளக்க வேண்டும். சென்ற முறை அளந்த கோட்டோடு ஒப்பிட்டால், எந்த இடத்தில் மணல் எத்தனை அங்குலம் இறங்கியது என்று தெரிந்துவிடும். அந்தப் படத்தைக் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் கொடுக்க வேண்டும். குழாய் தெரிந்தால் முதலில் கண்டுபிடிக்கப் போவது அவர்களுடைய வலைதான்.

வலை பொத்திக்கொண்டிருந்தவர்களில் மூத்தவர், சங்கத்தின் கூட்டத்தில் இதை எழுத்தில் கேட்க வேண்டும் என்றார். “வாயால கேட்டால் ஒண்டும் நிக்காது. நீங்கள் ஒருக்கா எழுதித் தாங்கோ, நாங்கள் ஒப்பம் வைக்கிறம்.” படகின் அணியத்தில் கொப்பியை வைத்து, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு எழுதத் தொடங்கினோம்; பிரதிகள் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் கடற்றொழில் திணைக்களத்துக்கும். அலை உடையும் பகுதியில் குழாய்க்கு மேல் மணல் எவ்வளவு தடிப்பு? மாரிக்குப் பிறகு அளந்த படத்தின் பிரதி ஒன்று சங்கத்துக்குத் தரமுடியுமா? குழாய்ப் பாதையின் இரு பக்கமும் மிதவை கட்டித் தரமுடியுமா? இளையவர் இடையில் நிறுத்தி, இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: வலை குழாயில் கொளுவுப்பட்டுக் கிழிந்தால் அறிவிக்க ஒரு தொலைபேசி இலக்கமும், கிழிந்த வலைக்கு இழப்பீடும்.